தேன்குழல் அச்சிலிருந்து சீலர் வரை: கைக்கருவியை வடிவமைக்கும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பலகாரப் பட்டறை ஒன்றுக்குள் நுழைந்து பார்த்தால், அங்கே நடப்பது பெரிய தொழிற்சாலையில் நடக்கும் அதே வரிசை வேலைதான். ஒருவர் மாவு பிசைந்து தருகிறார். அடுத்தவர் அச்சில் பிழிகிறார். ஒருவர் சட்டிக்குப் பக்கத்தில் நின்று திருப்பிப் போட்டு அள்ளுகிறார். இரண்டு பேர் எடை போட்டு உறையிலிட்டு ஒட்டுகிறார்கள். மோட்டார் கம்பெனியில் ஸ்க்ரூ டிரைவர் எப்படியோ, இங்கே தேன்குழல் அச்சும் ஜல்லிக்கரண்டியும் உறையைச் சூட்டில் ஒட்டும் சீலரும் அப்படி. ஒரே அசைவு, ஒரே கை, நாள் முழுக்க.

இந்தக் கருவிகளை லேத் பட்டறையில் சொல்லிச் செய்கிறோம், அல்லது கடையில் இருப்பதைப் பார்த்து மாற்றச் சொல்கிறோம். வலி வந்த பிறகு கைப்பிடியில் துணி சுற்றுகிறோம். கருவி காகிதத்தில் கோடாக இருக்கும்போதே, அது எந்தக் கைக்குப் போகிறது, எந்த உயரத்தில் நிற்கப்போகிறது, ஒரு நாளில் எத்தனை முறை இயங்கப்போகிறது என்று பார்த்துவிட்டால் துணி சுற்ற வேண்டியிருக்காது. இப்படிச் சோதிக்கும்போது பெரும்பாலும் எங்கே தவறு நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். உதாரணத்துக்குத் தேன்குழல் அச்சையே அதிகம் எடுத்துக்கொள்கிறோம். கையால் செய்யும் எந்த வரிசை வேலைக்கும் கணக்கு இதேதான்.

ஒரு தடவை அழுத்திப் பார்த்து முடிவு செய்வது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். அச்சைச் செய்து முடித்த மெக்கானிக், மாவில்லாமலோ கொஞ்சம் மாவு போட்டோ ஒரு முறை அழுத்திப் பார்த்து, "லேசாத்தான் இருக்கு" என்று கொடுத்துவிடுகிறார். அவர் இரும்போடு பழகிய ஆண். பட்டறையில் அதைப் பிடிக்கப்போவது பெரும்பாலும் பெண்கள். பெண்களின் கைப்பிடி பலம் சராசரியாக ஆண்களுடையதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் இருக்கும். அவருக்கு லேசாக இருப்பது இவருக்குக் கனம்.

அதைவிடப் பெரிய விஷயம் எண்ணிக்கை. உருளையின் உள்விட்டம் 60 மி.மீ., பிஸ்டன் இறங்கும் தூரம் 16 செ.மீ. என்றால் கொள்ளளவு சுமார் 450 கன செ.மீ. மாவாகக் கணக்கிட்டால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு 50 கிலோ மாவு பிழியும் பட்டறையில் ஏறத்தாழ 90 தடவை நிரப்பி அழுத்த வேண்டும். அதில் எண்பதாவது தடவை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் தடவை எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, பிசைந்த உடனே இருக்கும் மாவையும் முக்கால் மணி நேரம் காய்ந்த மாவையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. மேலே ஈரத்துணி போட்டிருந்தாலும் அடிமாவு இறுகும், பிழிய அதிக விசை கேட்கும். ஆகவே சோதனையைக் கடைசி உருண்டையில் செய்ய வேண்டும். கையில் எண்ணெய் பட்ட பிறகு, வேர்த்த பிறகு செய்ய வேண்டும். எண்ணெய்க் கையில் கைப்பிடி வழுக்கும். வழுக்கும் பிடியைத் தக்கவைக்கவே விரல்கள் கூடுதலாக இறுக்கும். அந்த இறுக்கம் மாவுக்குப் போய்ச் சேராது, முன்கைத் தசையில் வலியாகத்தான் சேரும்.

சோதனை நடக்கும் மாதத்தையும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரமும், தை மாதக் கல்யாணச் சீர்ப் பலகார ஆர்டரும் சாதாரண நாளைப் போன்றவை அல்ல. கருவி அந்த வேகத்துக்குத் தாங்குமா என்று பார்க்காமல், மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துச் சரி என்று சொல்வது பாதிச் சோதனைதான்.

"சராசரிக் கை"க்குச் செய்வது

சராசரி அளவுள்ள கை என்று பட்டறையில் யாரிடமும் இருக்காது. எட்ட வேண்டிய இடங்களுக்கு அங்கே இருப்பவர்களில் மிகச் சிறிய உடம்பை வைத்தும், நுழைய வேண்டிய இடங்களுக்கு மிகப் பெரிய உடம்பை வைத்தும் அளவு எடுக்க வேண்டும். அச்சின் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே உள்ள தூரம் சின்னக் கைக்கு எட்ட வேண்டும். கைப்பிடிக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியில் பெரிய கையின் விரல் மொளி நசுங்காமல் போக வேண்டும். விசைக்கு அளவுகோல், இருப்பவர்களில் பலம் குறைந்தவர்.

வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுப்பதும் தவறு. நம் உடம்பளவுக்கென்று அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் இந்திய அளவுகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அதுவும் கையில் இல்லையென்றால், பட்டறையில் வேலை செய்யும் ஐந்து பேரைச் சுவரோடு நிற்கவைத்து டேப்பில் அளந்துகொள்ளலாம். உயரம், முழங்கை உயரம், உள்ளங்கை அகலம் ஆகிய மூன்றும் போதும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் தொடங்கப்படும் கருவிகளே அதிகம் என்பது வருத்தமான விஷயம்.

உயரத்தைக் கருவி மூடியிருக்கும் நிலையில் அளப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டறைகளில் தோள்வலிக்கு மிகப் பெரிய காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

152 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது அவருடைய முழங்கை தரையிலிருந்து சுமார் 96 செ.மீ. உயரத்திலும், தோள் சுமார் 124 செ.மீ. உயரத்திலும் இருக்கும். பலம் கொடுத்து அழுத்தும் வேலைக்குக் கை இருக்க வேண்டிய இடம் முழங்கைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழே. நுணுக்கமான வேலைக்கு முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே.

இப்போது சட்டி விளிம்பு 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அச்சை எண்ணெய்க்கு மேலே பிடிக்க வேண்டும், ஆகவே அச்சின் வாய் 85 செ.மீ. உருளை 20 செ.மீ. அதற்கு மேல் பிஸ்டன் முழுக்க வெளியே வந்த நிலையில் கைப்பிடியோடு சேர்த்து இன்னும் 18 செ.மீ. கூட்டினால் 123. அதாவது மாவு நிரம்பியிருக்கும்போது, அதிக விசை தேவைப்படும் அந்த முதல் நொடியில், கை தோள் மட்டத்தில் இருக்கிறது. முழங்கை வெளியே விரிந்து தோள்பட்டை காதுக்கு ஏறுகிறது. அந்த நிலையில் உடம்பின் எடை உதவாது, தோள் தசை மட்டுமே அழுத்தும். வரைபடத்தில் பிஸ்டன் உள்ளே இறங்கிய நிலையில் அச்சு கைப்பிடியோடு அடக்கமாக 22 செ.மீ. என்றே தெரியும். அதை வைத்து உயரம் முடிவு செய்தவருக்கு பிஸ்டன் மேலேறும் 16 செ.மீ. கண்ணில் படாது.

சரி செய்வதற்கு நின்று பிழிபவரின் காலடியில் மணை போடுவது முதலில் தோன்றும் யோசனை. கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் ஏறி இறங்கும் மணை வைக்கவே கூடாது. தடுக்கினால் நேரே சட்டிதான். அடுப்பைத் தாழ்த்துவது நல்லது. அதைவிட நல்லது, பிழிவதை எண்ணெய்க்கு மேலிருந்தே எடுத்துவிடுவது. தட்டிலோ கரண்டியின் பின்புறத்திலோ பிழிந்து எண்ணெயில் நழுவவிடுவது நம் வீடுகளில் இருக்கும் பழக்கம்தானே. 55 செ.மீ. உயர மேசையில் தட்டு வைத்துப் பிழிந்தால் அச்சின் வாய் 58, கைப்பிடி 96இல் தொடங்கி 80இல் முடியும். முழங்கை மட்டத்தில் ஆரம்பித்து அதற்குக் கீழே இறங்குகிறது, உடம்பின் எடையும் கூட வருகிறது. முகத்தில் ஆவி அடிப்பதும் நிற்கிறது.

தரையில் உட்கார்ந்து செய்யும் வேலையை எடுத்த எடுப்பிலேயே தவறு என்று சொல்லி மேசைக்கு மாற்றுவதும் சரியில்லை. ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் பூப்போட்ட தரைக்கல்) செய்பவர்கள் சட்டத்தை எதிரே வைத்துத் தரையில் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். அதில் ஒரு வசதி உண்டு. தகட்டு அச்சுக்குள் சாயம் ஊற்றிவிட்டு அதை நேர் செங்குத்தாகத் தூக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு கலங்கிவிடும். வேலை உடம்புக்கு நெருக்கமாக இருப்பதால் கை நடுங்காமல் தூக்க முடிகிறது. அங்கே செய்ய வேண்டியது, 10 முதல் 15 செ.மீ. பலகை ஒன்றைப் போட்டு இடுப்பை உயர்த்துவது. முதுகு வளைவது குறையும், முழங்காலும் பிழைக்கும்.

விசையை அளக்காமல் ஊகிப்பது

கருவி கேட்கும் விசையை அளக்க விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை. பட்டறையில் இருக்கும் மேடைத் தராசே போதும். தராசின் மேல் ஒரு முக்காலி வளையம், அதன் நடுவே தட்டு, வளையத்தின் மேல் அச்சு. வேலை வேகத்தில் பிழியச் சொல்லி, தராசு காட்டும் அதிகபட்ச எண்ணைக் குறிக்கவும். அதிலிருந்து மாவு நிரம்பிய அச்சும் வளையமும் தட்டும் சேர்ந்த எடையைக் கழித்தால் வருவது அழுத்தும் விசை. மூன்று முறை செய்து பார்க்கவும். பிறகு அதே உயரத்தில், அதே பிடியில், தராசை நேரடியாக அழுத்தச் சொல்லி, அவரால் மூன்று நொடி தாங்க முடிகிற உச்ச விசையையும் எடுக்கவும்.

முதல் எண் இரண்டாவது எண்ணில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு ஓரளவு ஏற்கலாம் என்பது நடைமுறைக் கணக்கு. உதாரணமாக, அச்சு 12 கிலோ கேட்கிறது, அவருடைய உச்சம் 24 கிலோ என்றால் பாதிப் பலம் ஒவ்வொரு தடவையும் போகிறது. அது நாள் முழுக்கச் செய்யத்தக்க கருவி அல்ல. அழுத்தியபடியே அசையாமல் பிடித்திருக்க வேண்டிய வேலையாக இருந்தால் இந்த 30ஐயும் பாதியாக, முடிந்தால் இன்னும் கீழே, இறக்க வேண்டும். இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது.

விசையைக் குறைக்கிற இடங்கள் மூன்று. முதலாவது உருளையின் விட்டம். ஒரே அழுத்தத்துக்கு விசை பரப்பளவைப் பொறுத்தது. 60 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு 28.3 சதுர செ.மீ., 50 மி.மீ. விட்டத்துக்கு 19.6. விட்டத்தில் 10 மி.மீ. குறைத்தால் விசையில் 30 சதவீதம் குறைகிறது. ஆனால் ஒரு நிரப்பலில் பிடிக்கும் மாவும் அதே அளவு குறையும். முன்பு 90 தடவை நிரப்பியவர் இப்போது சுமார் 130 தடவை நிரப்ப வேண்டும். இதில் எது மேல் என்பதை அந்தப் பட்டறையின் பெண்களிடம் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நம் கருத்தில், ஒவ்வொரு அழுத்தும் உச்சத்தின் பாதியைத் தொடும் நிலையில் இருந்தால் விட்டத்தைக் குறைப்பதே சரி.

இரண்டாவது அச்சுத் தட்டு. துளை சிறியதாகவும் தட்டு தடிமனாகவும் இருந்தால் விசை ஏறும். தேன்குழல் தட்டில் எளிதாகப் போகும் அதே மாவு, ஓமப்பொடித் தட்டில் கையை வாட்டிவிடும். 3 மி.மீ. தடிமனுள்ள தட்டை அப்படியே வைத்துக்கொண்டு துளையின் உள்பக்கத்தைப் புனல்போலச் சரித்து எடுத்தால், மாவு உரசும் நீளம் குறைந்து பிழிவது இலகுவாகும். இதற்கு ஒரு டிரில் முனை கூடுதலாக ஓட்டினால் போதும். பலரும் செய்யாமல் விடுவது இந்த மிக மலிவான திருத்தத்தைத்தான். எல்லாத் தட்டுக்கும் தனித்தனியாக விசை அளக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

மூன்றாவது இயக்க முறை. திருகு அச்சில் விசை குறைவு, ஆனால் சுற்று அதிகம். மரை ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. இறங்கினால் 16 செ.மீ.க்கு 20 சுற்று. 90 நிரப்பலுக்கு 1800 சுற்று. மேலே குறுக்குக் கம்பி மட்டும் இருந்தால், அரைச் சுற்றுக்கு ஒரு தரம் கையை மாற்றிப் பிடித்து 3600 முறை மணிக்கட்டை முறுக்க வேண்டும். விசை குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து மணிக்கட்டைக் கெடுத்த கதை இது. கைப்பிடி சுழலும் கிராங்க் வைத்தால் மாற்றிப் பிடிக்கும் வேலை போய்விடும். நெம்புகோல் வைப்பதாக இருந்தால், நான்கு மடங்கு இலகுவாக வேண்டுமென்று ஆசைப்பட்டால் 16 செ.மீ.க்குக் கை 64 செ.மீ. பயணிக்க வேண்டும், தோள் மட்டத்திலிருந்து தொடை வரை. இரண்டரை மடங்கோடு நிறுத்தினால் 40 செ.மீ. அது முழங்கையில் தொடங்கி இடுப்புக்குக் கீழே முடியும், ஒரே வீச்சில் செய்யலாம்.

இன்னொரு நுட்பம். தேன்குழல் பிழிபவர் அழுத்திக்கொண்டே அச்சை வட்டமாகவும் நகர்த்துகிறார். பலம் கொடுப்பதும் வழிநடத்துவதும் ஒரே கையில் சேர்ந்தால், நடுங்காமல் இருப்பதற்காகவே தசைகள் இரண்டு பக்கமும் இறுகும். அச்சை நிலையாகப் பொருத்திக் கீழே தட்டைச் சுழற்றினால் ஒரு கை அழுத்தும், மறு கை சும்மா தட்டைத் தள்ளும். முறுக்கின் வட்டமும் ஒழுங்காக வரும்.

கைப்பிடியைக் கடைசியில் நினைப்பது

தகட்டை மடித்துக் காதுபோல ஒட்டிய கைப்பிடி விலை குறைவு. ஆனால் 4, 5 மி.மீ. தடிமனுள்ள விளிம்பு உள்ளங்கையில் கத்திபோலப் பதியும். அது பதியும் இடம் கட்டைவிரல் அடியும் உள்ளங்கையின் நடுப்பகுதியும். அந்த வழியாகத்தான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. இரவில் இந்த மூன்று விரலும் மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் முதலில் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். கூடவே மருத்துவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

முழுக் கையால் பற்றும் பிடிக்கு விட்டம் 32 முதல் 50 மி.மீ. வரை பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நம் பெண்களின் கைக்கு 32 முதல் 40 வரை முயன்று பார்க்கலாம். நீளம் குறைந்தது 100 மி.மீ., 125 இருந்தால் நிம்மதி. கைப்பிடியின் முனை உள்ளங்கைக்கு நடுவே முடியவே கூடாது. கத்தரி, இடுக்கி போல இரண்டு பிடி உள்ளவற்றில் திறந்த நிலை 90 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மூடிய நிலை 50க்குக் குறையக் கூடாது. தானாகத் திறக்க ஸ்பிரிங் வேண்டும்.

விரல் பதியும் பள்ளங்கள் செதுக்கிய கைப்பிடி பார்க்க அழகாக இருக்கும், வாங்குபவரும் "எர்கனாமிக்ஸ்", அதாவது உடம்புக்கு ஏற்ற வடிவமைப்பு, என்று நினைப்பார். அந்தப் பள்ளம் ஒரே ஒரு கையின் அளவுக்குத்தான் பொருந்தும். மற்றவர்களுக்கு மேடுகள் விரல் மூட்டில் குத்தும். சீரான உருளையே எல்லாருக்கும் நல்லது. சொரசொரப்புக்காக லேத்தில் ஆழமாகக் கீறல் போட்டால் அதில் மாவு அடைந்து புளிக்கும், கழுவவும் வராது. லேசான கீறல் அல்லது கழற்றிக் கழுவக்கூடிய சிலிக்கான் உறை போதும்.

நேர்ப்பிடியா, துப்பாக்கிப் பிடியா என்ற கேள்வியும் வரும். அடுப்போ கிரைண்டரோ பூட்டும் பட்டறையில் மின்சார ஸ்க்ரூ டிரைவர் வாங்கும்போது இது முக்கியம். முழங்கை மட்டத்தில் எதிரே இருக்கும் செங்குத்துப் பரப்பில் திருகுவதற்குத் துப்பாக்கிப் பிடி சரி. மேசையில் கிடக்கும் பொருளின் மேல் செங்குத்தாகத் திருகுவதற்கு அதே பிடி மணிக்கட்டை மடக்கிவிடும், அங்கே நேர்ப்பிடிதான். எந்த வடிவமானாலும் மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எஃகை வெட்டுவதற்கு முன்னால் மாதிரி செய்து பார்ப்பது அவசியம். மூன்று அளவு பி.வி.சி. குழாய்த் துண்டு, சைக்கிள் டியூப், கொஞ்சம் மரத்துண்டு இருந்தால் 32, 36, 40 மி.மீ. பிடிகளை அரை நாளில் செய்துவிடலாம். எந்த அளவு என்று சொல்லாமல் கையில் கொடுத்து, தராசை அழுத்தச் சொல்லி, எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள்.

பாதி வேலையை மறப்பது

அழுத்துவதை மட்டும் சோதிக்கிறோம். நிரப்புவது, மூடியைத் திருகுவது, பிஸ்டனை வெளியே இழுப்பது, ஒட்டிய மாவை வழிப்பது, கழுவுவது எல்லாமும் அதே கைதான் செய்கிறது.

பிஸ்டன் உருளையோடு இறுக்கமாக இருந்தால், மேலே இழுக்கும்போது அடியில் காற்றுப் புகாமல் உறிஞ்சிப் பிடிக்கும். அழுத்தியதைவிட இழுப்பது கஷ்டம் என்று பெண்கள் சொல்வது இதனால்தான். தளர்வாக விட்டால் மாவு பிஸ்டனைச் சுற்றி மேலே ஏறும், ஒவ்வொரு தடவையும் வழித்தெடுக்க வேண்டும். இந்த இடைவெளியைப் பட்டறை மாவிலேயே சோதித்து முடிவு செய்ய வேண்டும், தண்ணீரில் பார்த்தால் தெரியாது.

அடி மூடி இன்னொரு தொல்லை. நெருக்கமான மரையில் மாவு புகுந்து காய்ந்தால், ஈரக் கையால் வழவழப்பான வளையத்தைத் திறக்க முழுப் பலமும் வேண்டும். கடைசியில் கரண்டிக் காம்பால் தட்டித் திறப்பார்கள், மூடி நெளியும், அடுத்த நாள் இன்னும் இறுகும். கால் சுற்றில் பூட்டும் காது வைத்த மூடி செய்தால் இந்தச் சங்கிலியே அறுந்துவிடும்.

சீலரும் நுனிவிரலும்

கையால் அழுத்தும் சீலரில் விசை குறைவுதான். தவறு நடப்பது நேரக் கணக்கில். சூடேற ஒன்றிரண்டு நொடி, விளக்கு அணைந்த பிறகு ஒட்டு ஆற இன்னும் ஒன்றிரண்டு நொடி அழுத்தியே பிடிக்க வேண்டும். 10 நொடிக்கு ஓர் உறை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கை அசையாமல் இறுகி நிற்கிறது. 30 நொடிக்குள் திரும்ப வரும் எந்த அசைவையும் மிகுதியாகத் திரும்பும் வேலை என்றே கணக்கிட வேண்டும். இது அதில் மூன்று மடங்கு வேகம்.

மறு கையைக் கவனியுங்கள். அரைக் கிலோ உறையை மேல் விளிம்பில் இரண்டு விரலால் கிள்ளித் தொங்கவிட்டபடி நிற்கிறது. கிள்ளிப் பிடிக்கும் பலம் முழுக்கைப் பிடியின் பலத்தில் சுமார் நாலில் ஒரு பங்குதான். ஆகவே அரைக் கிலோ அங்கே சின்ன எடை அல்ல. சீலருக்குக் கீழே உயரம் மாற்றக்கூடிய ஒரு தட்டுப் பலகை வைத்து, உறை அதில் உட்காரும்படி செய்தால் விரலுக்கு விடுதலை. கால் மிதிச் சீலர் வாங்கினால் தோள் பிழைக்கும். ஆனால் நின்றுகொண்டு மிதித்தால் முழு எடையும் நாள் முழுக்க ஒரே காலில் இறங்கும். உட்கார்ந்து மிதிக்க ஸ்டூல் வேண்டும், இரு காலாலும் மாற்றி மிதிக்க அகலமான மிதி வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லிலும் இதே கிள்ளல் உண்டு. 20க்கு 20 செ.மீ., 2 செ.மீ. தடிமனுள்ள கல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. வார்க்கும்போது அடியில் வைக்கும் கண்ணாடியோடு இரண்டு கிலோவைத் தாண்டும். அதை விரல்நுனியால் விளிம்பில் பிடித்துத் தூக்கி அடுக்குகிறார்கள். கண்ணாடிக்கு அடியில் கை நுழையும்படி இரண்டு சட்டக் கட்டைகள் வைத்துவிட்டால் உள்ளங்கையால் ஏந்தலாம்.

கேட்கும் விதத்தில் வரும் பிழை

முதலாளி எதிரே நிற்க, "எப்படிக்கா இருக்கு புது அச்சு?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து ஐம்பது அச்சுக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த 0 முதல் 10 வரையிலான அளவுகோல் இதற்கு உதவும். அதை நம் பேச்சில் மாற்றிக்கொள்ளலாம்: சும்மா, லேசு, கொஞ்சம் கனம், கனம், ரொம்பக் கனம், இதுக்கு மேல முடியாது. வேலை தொடங்கும்போதும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனியே கேட்டு எண்ணாகக் குறிக்கவும். எண் 3ஐத் தாண்டினால் வடிவத்தைத் திருத்த வேண்டும். கட்டைவிரல் அடி, மணிக்கட்டு, முன்கை, தோள், கழுத்து, இடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "வலிக்குதா" என்று மொத்தமாகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

குறைந்தது நான்கு பேர் வேண்டும்: குள்ளமானவர், உயரமானவர், பிடி பலம் குறைந்தவர், புதிதாகச் சேர்ந்தவர். இடதுகைக்காரர் இருந்தால் அவரையும் விடாதீர்கள். பழகியவர் மோசமான கருவியையும் சமாளித்து ஓட்டிவிடுவார். குறையைக் காட்டிக்கொடுப்பவர் புதியவர்தான்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உருவாகி 1993இல் வெளியான ரூலா என்ற முறையில் தோள், முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகின் கோணங்களுக்கு மதிப்பெண் போட்டு 1 முதல் 7 வரை ஒரு முடிவுக்கு வரலாம். 1, 2 ஏற்கத்தக்கது. 7 என்றால் உடனே மாற்ற வேண்டும். இதில் நடக்கும் தவறு, ஒரே ஒரு போட்டோவை எடுத்து அதற்கு மதிப்பெண் போடுவது. போட்டோ எடுக்கிறார்கள் என்றதும் யாரும் நிமிர்ந்துதான் நிற்பார்கள். செல்போனில் பத்து நிமிட வீடியோ எடுத்து, மிக மோசமான நிலையையும் மிக நீண்ட நேரம் நிற்கும் நிலையையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றுவது

அச்சை வேகமாக்கினால் சட்டிக்காரருக்கு வேலை கூடும். எண்ணெய் சொட்டும் முறுக்கோடு ஜல்லிக்கரண்டித் தலை முக்கால் கிலோ இருந்து, கையிலிருந்து அரை மீட்டர் தள்ளி நின்றால், அதைச் சாயாமல் பிடிக்க உள்ளங்கையின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் எதிரெதிராக நாலே முக்கால் கிலோ அளவு அழுத்தம் வேண்டும். பார்க்க முக்கால் கிலோ, கைக்கு அதைப்போல ஆறு மடங்கு. காம்பைச் சட்டி விளிம்பில் ஊன்றித் தூக்கும்படி வளைவு கொடுப்பதும், இரண்டாவது கைக்கு ஒரு பிடி வைப்பதும், வடிதட்டைச் சட்டிக்கு ஒட்டியே போடுவதும் சேர்ந்தால்தான் புது அச்சால் பயன். வரிசையில் ஒரு கருவியை மாற்றும்போது முன்னும் பின்னும் உள்ள இருவரையும் அதே நாளில் அளந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு வரைபடத்தின் ஓரத்தில் நான்கு எண் எழுதி வைக்க வேண்டும்: ஒவ்வொரு தட்டுக்கும் அளந்த விசை, அளந்தபோது இருந்த மேசை உயரம், கைப்பிடி விட்டம், ஒரு நாள் நிரப்பல் எண்ணிக்கை. மூன்று மாதம் கழித்து அதே தராசில் அதே முக்காலியை வைத்து மறுபடி அளக்கவும். உருளையின் உள்சுவரில் கீறல் விழுந்தாலோ, பிஸ்டன் கம்பி கொஞ்சம் வளைந்தாலோ, முதலில் 7 கிலோ கேட்ட அச்சு 10 கேட்கத் தொடங்கியிருக்கும். பிழிபவர் அதைச் சொல்ல மாட்டார், தனக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொள்வார்.